முழங்காலுக்குள் ஒரு மில்லிகிராம் மோர்பின்

முழங்காலிற் சத்திரசிகிச்சை செய்துகொண்ட எம்மவரிடம் விசாரித்துப் பாருங்கள். கத்தியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மயக்கம் தெளிந்த பின் வந்த முதலாவது இரவைப் பற்றியே பேசுவர். வீங்கிச் சூடேறி, போர்வை பட்டாலே துடிக்கும் மூட்டு. நோவு எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்கும் தாதி. என்ன எண் சொல்வதென்று தெரியாமல் பரவாயில்லை என்று கூறிவிட்டு விடியும்வரை பல்லைக் கடித்துக் கிடந்த கதை. மோர்பின் தரட்டுமா என்று கேட்டபோது வேண்டாமென மறுத்தவர்களும் எம்மிடையே உள்ளனர். மோர்பின் என்றால் அபின். அபின் என்றால் அடிமைத்தனம், அல்லது புற்றுநோயின் கடைசிக் கட்டம். இதுவே எமது மக்கள் மனதிற் பதிந்துள்ள கணக்கு.

இந்தக் கணக்கு முற்றிலும் பிழையானதன்று; முழுமையானதுமன்று. மோர்பினை இரத்தத்தினூடாக மூளைக்கு அனுப்பாமல், நோவுள்ள மூட்டுக்குள்ளேயே மிகச் சிறிய அளவிற் செலுத்தினால் என்ன நடக்கும் என்ற கேள்வியை மருத்துவ உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வந்துள்ளது. அவ்வாராய்ச்சியின் முக்கிய பகுதி, நாம் தஞ்சம் புகுந்து வாழும் இந்த ஜேர்மன் நாட்டிலேயே நடைபெற்றது. மனித உடலைப் பற்றி அது கூறியது உண்மையென நிலைத்துள்ளது. சிகிச்சை முறை என்ற வகையில் அது அளித்த நம்பிக்கையோ அந்த அளவிற்குப் பலிக்கவில்லை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று குழப்பப்படுவதை அடிக்கடி காண்கிறோம். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மூளையில் மட்டுமா?

மோர்பினின் பிறப்பிடமும் ஜேர்மனியே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடர்போர்ண் நகரத்து மருந்துக்கடை ஒன்றில் உதவியாளராகப் பணியாற்றிய பிரெடெரிக் சேர்ற்றூர்னர் என்ற இளைஞர், அபினிலிருந்து அதன் செயலாற்றும் பொருளைப் பளிங்குகளாகப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மோர்பியுசின் பெயரை அதற்குச் சூட்டினார். அப்பொருள் உடலில் எங்கே, எவ்வாறு செயற்படுகிறது என்பது அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெளிவாகவில்லை. 1973ஆம் ஆண்டிற்றான், நரம்புக் கலங்களின் மேற்பரப்பில் மோர்பின் வந்து பொருந்துவதற்கென்றே தனியான வாங்கிகள் உள்ளமை நிறுவப்பட்டது. பூட்டும் திறப்பும் போல என்று கூறலாம். பூட்டு இருக்கிறதென்றால் உடலே செய்துகொள்ளும் திறப்பொன்றும் இருக்கத்தானே வேண்டும்? அதனை 1975இல் ஸ்கொட்லாந்தின் அபடீன் நகரில் ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்ரலிற்ஸ் ஆகியோர் கண்டறிந்து என்கெபலின் எனப் பெயரிட்டனர். என்டோர்பின் என்ற சொல் பின்னர் நாளேடுகள்வரை வந்துவிட்டது.

இவையெல்லாம் மூளையிலும் முண்ணாணிலும் நடைபெறும் காரியங்கள் என்றே அக்காலத்தில் நம்பப்பட்டது. மோர்பின் மூளையைச் சென்றடைந்து நோவை மறக்கச் செய்கிறது. அதே மூளையில் உறக்கத்தையும் குமட்டலையும் மூச்சுத் தளர்ச்சியையும் ஏற்படுத்துகிறது. அதே மூளையில் அடிமைத்தனத்திற்கும் வித்திடுகிறது. நன்மையும் தீமையும் ஒரே வாசலால் உள்ளே வருவதால் ஒன்றை விலக்கி மற்றதைப் பெறுதல் இயலாது என்பதே பாடநூல்களின் நிலைப்பாடு. 1979இல் பிறேசில் நாட்டின் செர்ஜியோ பெரெய்ரா, அழற்சியுற்ற எலிப்பாதத்தில் நேரடியாக இடப்பட்ட மோர்பின் அந்த இடத்திலேயே நோவைத் தணிப்பதாக எழுதினார். அதனைப் பலர் பொருட்படுத்தவில்லை.

ஒபியொயிட் மருந்து மூளையைத் தொடாமலே வேலை செய்ய முடியும் என்பதற்கு எமது வீடுகளிலேயே ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. வயிற்றோட்டத்திற்கு நாம் வாங்கி விழுங்கும் இமோடியம், அதாவது லோப்பெரமைட், மோர்பினின் உறவுக்கார மருந்துதான். வழக்கமான அளவில் அது மூளைக்குள் நிலைகொள்வதில்லை. குடலிலுள்ள வாங்கிகளைப் பற்றி, குடலின் ஓட்டத்தை மட்டும் அடக்குகிறது. குடலிற் சாத்தியமானது மூட்டிற் சாத்தியமாகாதா?

அழற்சி திறந்துவிடும் கதவு

சாதாரண நிலையிலுள்ள ஒரு மூட்டில் மோர்பினை இட்டாற் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. நோவுணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பைச் சுற்றி இறுக்கமான உறையொன்று உள்ளது. மருந்து இலகுவில் அதனைக் கடக்காது. அடிபட்டோ, வாதத்தினாலோ, சத்திரசிகிச்சையினாலோ மூட்டு அழற்சியுற்றதும் நிலைமை மாறுகிறது. அவ்வுறை கசியத் தொடங்குகிறது. முண்ணாணின் அருகேயுள்ள நரம்புக் கணுக்களில் உற்பத்தியாகும் வாங்கிகள், நரம்பின் நீளத்திற்கு வழியனுப்பப்பட்டு முழங்காலிலுள்ள நுனிகளில் அதிக அளவில் வந்து சேருகின்றன. அழற்சியுற்ற இழையம் சற்று அமிலத்தன்மை அடைகிறது. வீக்கமும் நோவும் எந்த இடத்தில் உள்ளனவோ, அந்த இடத்திலேயே மருந்துக்கான கதவும் திறந்துகொள்கிறது.

இதைவிட வியப்பானது, அழற்சியுற்ற இடத்திற்குக் கிருமிகளோடு போராட விரைந்து வரும் வெண்குழியங்கள் தம்முள் என்டோர்பினையும் என்கெபலினையும் சுமந்து வருகின்றன என்ற கண்டுபிடிப்பு. வீக்கத்தை உண்டாக்குவோரே நோவு தணிப்பதற்கான மருந்தையும் மடியிற் கட்டிக்கொண்டு வருகின்றனர் என்றால் பொருந்தும். கிறிஸ்ரோப் ஸ்ரைன் என்ற மயக்கமருந்து மருத்துவரும் அவரது குழுவினரும் 1990ஆம் ஆண்டில் எலிகளில் இதனை எடுத்துக்காட்டினர்.

அடுத்த கட்டம் மனிதர். 1991ஆம் ஆண்டு, நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் அக்குழுவினரின் கட்டுரை வெளியானது. மூன்சன் நகரில் ஆர்த்றொஸ்கொபி முறையில், அதாவது சிறு துவாரத்தினூடாக ஒளிக்குழாயைச் செலுத்தி, முழங்காற் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 52 பேர் அதிற் பங்குபற்றினர். இவ்வாய்வின் அமைப்பை வாசகர்கள் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டுகிறோம். ஒரு பிரிவினருக்கு முழங்காலுக்குள் 1 மில்லிகிராம் மோர்பின் இடப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு அதே 1 மில்லிகிராம் நாளத்தினூடாக ஏற்றப்பட்டது. அவர்களது முழங்காலுக்குள் வெறும் உப்புநீரே சென்றது. யாருக்கு எது சென்றதென்பதை நோயாளரும் அறியார், நோவை அளந்தவரும் அறியார்.

முழங்காலுக்குள் இட்ட மோர்பின் இரத்தத்திற் கலந்து மூளைக்குச் சென்றுதான் வேலை செய்கிறதென்றால், நாளத்தில் ஏற்றியவர்களுக்கும் அதே பலன், இன்னும் சொன்னால் விரைவான பலன் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. முழங்காலுக்குள் பெற்றவர்களின் நோவே, சில மணித்தியாலங்கள் சென்றபின், தெளிவாகக் குறைந்திருந்தது. ஐயத்திற்கு இடமிருக்கக் கூடாதென்று மற்றொரு பிரிவினருக்கு மோர்பினுடன் நாலொக்சோன் என்ற எதிர்மருந்தும் முழங்காலுக்குள் சேர்த்து இடப்பட்டது. நாலொக்சோன், மோர்பின் அமரும் வாங்கிகளில் தான் முந்தி அமர்ந்து அதனைத் தடுப்பது. அவர்களில் மோர்பினின் பயன் அற்றுப்போயிற்று. ஆகவே வேலை நடந்த இடம் முழங்கால். நடத்தியவை அங்குள்ள வாங்கிகள். 1 மில்லிகிராம் என்பது எவ்வளவு சிறிய அளவென்றால், சத்திரசிகிச்சைக்குப் பின் வளர்ந்தோருக்கு ஊசிமூலம் வழங்கப்படும் மோர்பின் வழக்கமாக அதன் பலமடங்காகும்.

1993ஆம் ஆண்டில் லான்செற் இதழில் வெளிவந்த மற்றுமோர் ஆய்வே எம்மைப் பொறுத்தவரை இவையனைத்திலும் அழகானது. அதில் அவர்கள் மோர்பினை இடவேயில்லை. முழங்காற் சத்திரசிகிச்சை முடிந்தவர்களின் மூட்டுக்குள் நாலொக்சோனை மட்டும் இட்டனர். நோவு கூடியது! எதிர்த்துத் தடுப்பதற்கு அங்கே ஏதோ ஒன்று ஏற்கனவே இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த ஏதோ ஒன்று, உடல் தானே சுரந்து மூட்டிற்குள் நிறுத்தி வைத்திருந்த ஒபியொயிட். சத்திரசிகிச்சைக்குள்ளான ஒவ்வொரு முழங்காலும், மருத்துவர் ஊசியை எடுப்பதற்கு முன்னரே, தனக்கான மருந்தைத் தானே இட்டுக்கொண்டிருக்கிறது.

உடலே நெடுநாளாக இப்பொருளைச் சுரந்துகொண்டிருந்தால் வாங்கிகள் அதற்குப் பழகி மரத்துப்போய்விடாவா, பிறகு மோர்பினை இட்டும் பயனென்ன என்ற கேள்வி எழுந்தது. 1996இல் அதே குழுவினர் அழற்சியுற்ற முழங்கால்களில் அதனையும் சோதித்தனர். மூட்டுச் சவ்வில் என்டோர்பின் நிறைந்திருந்த போதிலும் மோர்பின் அங்கே வேலை செய்தது. அடுத்த ஆண்டு ஒஸ்ரியாவின் கிளாகன்பூர்ட் நகர மருத்துவர்கள், சத்திரசிகிச்சை எதுவுமின்றி நாட்பட்ட முழங்கால் தேய்வினால் வருந்துவோருக்கும் மூட்டுக்குள் இட்ட மோர்பின் ஆறுதல் தருவதாக எழுதினர்.

எதிர்பார்ப்பும் ஏமாற்றமும்

இச்செய்தி பரவியதும் பல நாடுகளின் சத்திரசிகிச்சைக் கூடங்களில் இம்முறை கையாளப்பட்டது. செலவோ மிகக் குறைவு. ஊசி வேறாகக் குத்த வேண்டியதுமில்லை. ஆர்த்றொஸ்கொபிக் குழாயை வெளியே எடுக்குமுன் அதனூடாகவே மருந்தை விட்டுவிடலாம். ஆய்வுகள் மளமளவென வெளிவந்தன. முடிவுகளோ ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. 1997இல் அவற்றைத் தொகுத்து நோக்கியோர், ஓரளவு பயன் உண்டெனலாம் என்று தயக்கத்துடன் எழுதினர். 2005இல் நோர்வே நாட்டு மருத்துவர் ஒருவர், ஆய்வுகளின் தரத்தைச் சலித்தெடுத்த பின், ஆர்த்றொஸ்கொபிக்குப் பின் இது பயன்படுகிறது என்பதற்குச் சான்றில்லை என்றே முடிவுகட்டினார். 2016இல் கொக்கிரேன் நிறுவனம் 28 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குபற்றிய 2,564 நோயாளரையும் ஒன்றாக எடுத்து நோக்கியபோது, 1 மில்லிகிராம் மோர்பினுக்கும் வெறும் உப்புநீருக்கும் இடையில் வேறுபாட்டைக் காணவில்லை. அவ்வாய்வுகளிற் பெரும்பாலானவை சிறியவை, தரம் குறைந்தவை என்பதனையும் அது சேர்த்தே கூறியது.

அப்படியாயின் மூன்சன் ஆய்வு பொய்யா? நாம் அவ்வாறு கருதவில்லை. ஆர்த்றொஸ்கொபிக்குப் பின் பலருக்கு நோவு மிதமாகவே இருக்கும். இல்லாத நோவை எந்த மருந்தும் குறைத்துக் காட்ட முடியாது. அவ்வகை நோயாளரைக் கூட்டாகச் சேர்த்து அளந்தால் நல்ல மருந்தும் உப்புநீரும் ஒன்றாகவே தெரியும். பல ஆய்வுகளில் மோர்பினோடு மரப்பு மருந்தும் கலந்து இடப்பட்டதால் எதனால் எது விளைந்தது என்று பிரிக்க முடியாமற் போயிற்று. மேலும், அழற்சியே பெரிதாக இல்லாத முழங்காலில், நாம் மேலே கூறிய கதவு திறந்திராது. எல்லா முழங்காலும் ஒரே முழங்காலன்று. உடலின் இயக்கத்தைப் பற்றிய ஓர் உண்மையைக் கண்டறிவது வேறு. அவ்வுண்மையை எல்லா நோயாளருக்கும் பொதுவான சிகிச்சையாக்குவது வேறு. எனினும், உங்கள் மருத்துவர் இம்முறையைக் கையாளவில்லையென்றால் உங்களுக்கு எதுவோ மறுக்கப்பட்டதாக எண்ணவேண்டியதில்லை என்பதை இங்கே அழுத்திக் கூறுகிறோம். இன்றைய சான்றுகள் அவர் பக்கமே உள்ளன.

மூட்டுக்குள் எதை விட்டாலும் தீங்கில்லை என்று எண்ணுவதும் தவறு. மரப்பு மருந்தைச் சிறு பம்பி மூலம் நாட்கணக்காகத் தோள்மூட்டுக்குள் செலுத்திய சிலரின் கசியிழையம் கரைந்தே போயிற்று. 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது.

இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். ஜேர்மன் மருத்துவர் மெனிஸ்குஸ் என்று கூறும் பிறைவடிவக் கசியிழையம் கிழிந்துள்ளதாகப் படத்தில் தெரிந்தவுடன், வெட்டியெடுத்தால் நோவு போய்விடும் என்று எம்மவர் பலர் அவசரப்படுகின்றனர். 2002இல் அமெரிக்காவின் கூஸ்ரன் நகரில் முழங்கால் தேய்வுள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டனர். உண்மையான ஆர்த்றொஸ்கொபி செய்தவர்களை விட அவர்கள் எவ்விதத்திலும் மோசமாக இருக்கவில்லை. 2013இல் பின்லாந்தில், தேய்வினாற் கிழிந்த மெனிஸ்குசிலும் இதே விடையே கிடைத்தது. தேய்வினால் வரும் முழங்கால் நோவுக்கு ஆர்த்றொஸ்கொபி வேண்டாமென 2017இல் பிரித்தானிய மருத்துவ இதழ் வெளியிட்ட நிபுணர் குழுவின் பரிந்துரை உறுதியாகக் கூறியது. விளையாட்டில் முறிந்த இளையோரின் மூட்டு, பூட்டிக்கொண்டு நீட்ட முடியாத மூட்டு ஆகியவற்றின் கதை வேறு. சமையலறையில் நின்றும், துப்புரவு வேலையில் முழந்தாளிட்டும் தேய்ந்த ஐம்பது வயது முழங்காலுக்குப் பயிற்சியும் நிறைக்குறைப்பும் முதலிற் பார்க்கப்பட வேண்டும்.

கேட்டறிய வேண்டியவை

சத்திரசிகிச்சை அவசியமென்று தீர்மானமாகிவிட்டால், இன்று நோவு தணிப்பதற்கு ஒரே மருந்தை நம்பியிருப்பதில்லை. பரசிற்றமோல், இபுபுறூபன் போன்ற அழற்சி தணிப்பான்கள், தொடையில் நரம்பைச் சுற்றி இடப்படும் மரப்பு ஊசி, முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சையில் மூட்டைச் சூழ்ந்த இழையங்களில் இடப்படும் மருந்துக் கலவை என்பன ஒன்றோடொன்று சேர்க்கப்படுகின்றன. ஜேர்மனியில் நோவல்ஜின் என்ற பெயரில் நாமெல்லாம் அறிந்த மெற்றமிசோலும் பெரிதும் வழங்கப்படுகிறது. அதனை எடுக்கும் காலத்திற் காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். அரிதாக அது வெண்குழியங்களை அழித்துவிடுவதுண்டு. இவை போதாதபோதே மோர்பின் வகை மருந்துகள் குறுகிய நாட்களுக்கு வருகின்றன. வைத்தியசாலையில் இரண்டொரு நாள் அளவோடு வழங்கப்படும் மோர்பினையும், மாதக்கணக்காக வீட்டில் எடுக்கும் மாத்திரையையும் ஒன்றெனக் கருதி, முன்னையதை மறுத்து நோவிற் கிடப்பது வேண்டாத வருத்தம். நோவினால் காலை அசைக்காமற் கிடந்தால் மூட்டு இறுகும். நாளத்தில் இரத்தம் உறையும் அபாயமும் கூடும்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய விளக்க உரையாடலில் மயக்கமருந்து மருத்துவர் உங்களுக்கென நேரம் ஒதுக்குகிறார். குடற்புண், சிறுநீரக நோய், இரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஆகியவற்றை அங்கே மறைக்காது கூறுங்கள். நரம்பு மரப்பு எத்தனை மணித்தியாலம் நிற்கும், அது நீங்குமுன் எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இக்காரியத்திற்குப் பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். தாய்தந்தையின் நோவைப் பிள்ளை குறைத்துச் சொல்லும்; அல்லது பெற்றோரே பிள்ளைக்கு முன்னாற் குறைத்துச் சொல்வர். பத்துக்கு ஏழு என்றால் ஏழு என்றே கூற வேண்டும். அந்த எண்ணை வைத்தே மருந்தின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. நோவு நாளுக்கு நாள் குறையாமற் கூடினாலோ, காய்ச்சலுடன் மூட்டுச் சிவந்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ மாத்திரையைக் கூட்டிக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்கு அறிவியுங்கள்.

மீண்டும் ஆய்வுகூடத்திற்கு வருவோம். 1996இல் ஒக்சிகொன்ரின் என்ற மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்த பின் விரிந்த ஒபியொயிட் பேரழிவு வாசகர்கள் அறிந்ததே. மாத்திரையில் தொடங்கியது ஹெரொயினுக்கும், பின்னர் கள்ளச்சந்தைப் பென்ரனிலுக்கும் இட்டுச்சென்றது. 2022ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் 80,000க்கும் மேற்பட்டோர் ஒபியொயிட் மிகையால் உயிரிழந்தனர். கனடாவும் இதிலிருந்து தப்பவில்லை. மூளையைத் தொடாத நோவுநீக்கி என்ற பழைய மூன்சன் எண்ணத்திற்கு இதனாற் புதிய அவசரம் ஏற்பட்டது. பேர்லினுக்கு மாறிச் சென்றிருந்த ஸ்ரைன், கணிதவியலாளருடன் சேர்ந்து, பென்ரனிலின் மூலக்கூற்றைக் கணினியில் மாற்றியமைத்தார். அழற்சியுற்ற இழையத்தின் அமிலத்தன்மையில் மட்டுமே வாங்கியைப் பற்றிக்கொள்ளும். மூளையின் இயல்பான 7.4 என்ற அளவிற் பற்றாது. 2017இல் சயன்ஸ் இதழில் வெளியான அக்கட்டுரையின்படி, எலிகளில் அது நோவைத் தணித்தது; மூச்சுத் தளர்ச்சியையோ மலச்சிக்கலையோ, மருந்தைத் தேடியலையும் நிலையையோ உண்டாக்கவில்லை. வைத்தியசாலையில் எழுதித் தரப்படும் மருந்தாக அது இன்னும் வரவில்லை. வந்திருப்பது வேறொன்று: 2025 ஜனவரியில் அமெரிக்கா அங்கீகரித்த சுசெற்றிஜின். அது ஒபியொயிட் வகையைச் சேர்ந்ததன்று; நோவு நரம்புகளின் சோடியம் வாயில் ஒன்றை அடைப்பது. அங்கீகாரத்திற்கு வழிவகுத்த பெரிய சோதனைகள், வயிற்றுத் தோலை வெட்டியகற்றும் சத்திரசிகிச்சையிலும் காற்பெருவிரல் எலும்பைச் சீராக்கும் சத்திரசிகிச்சையிலும் நடத்தப்பட்டன. முழங்கால் அவற்றில் இல்லை.